வாமன்தாதாவின் முத்திரை

ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு முந்தின நாளே புனேயின் வானவடியில் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். நீலக்கொடி, டோலக், ஆர்மோனியம். எந்தப் பாட்டாக இருந்தாலும் கடைசிச் சரணத்தில் ‘வாமன்’ என்ற பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். வந்தால் அது மராத்திப் பாடலாசிரியர் வாமன்தாதா கர்டக்கின் பாட்டு. நம் கீர்த்தனைகளில் முத்திரை வைப்பதைப் போலத்தான்.

நாசிக் மாவட்டம் சின்னர் தாலுகாவில் 1922-ல் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மும்பையில் ஆலைத் தொழிலாளியாக இருந்தபோதுதான் எழுத்துக் கற்றார். 2004-ல் மறையும்வரை எழுதிக் குவித்தவை ஆயிரக்கணக்கான பாட்டுகள். ‘வாட்சால்’ (1973), ‘மோஹள்’ (1976) என்று தொகுப்புகள் வந்தன. ஆனாலும் அவர் பாட்டு பெரும்பாலும் வாய்வழியாகவே பரவியது. ஊர் ஊராகப் போய் அவரே பாடினார்.

டாடா, பிர்லாவின் செல்வம் கண்முன் இருக்க, எங்கள் பங்கு எங்கே என்று கேட்கும் அவர் பாட்டு ஒன்று உண்டு. புள்ளிவிவரமோ கோபக்கூச்சலோ கிடையாது. சந்தையில் கணக்குக் கேட்கிற தொனி. கேள்வியைப் பாடகர் போடுவார், கோரஸ் திருப்பிப் பிடிக்கும், இரண்டாம் சுற்றில் கூட்டமே சேர்ந்துகொள்ளும். மராத்தி அரைகுறையாகத் தெரிந்த எனக்கே வரி மனப்பாடமாகிவிடுகிறது. அம்பேத்கரைப் பாடியவர்கள் பலர். இவ்வளவு எளிய சொல்லில் இவ்வளவு நறுக்கென்று பாடியவர் வேறு யாருமில்லை என்பேன்.

புனேயின் கபீர் கலா மஞ்ச் என்ற கலைக்குழு இளைஞர்களின் பாட்டிலும் இந்தக் கேள்வி கேட்கும் தோரணை இருக்கிறது. ஜனவரி 1 அன்று தலித் மக்கள் நினைவுநாளுக்காகத் திரளும் பீமா கோரேகாவ் போனால் புத்தகக் கடைகளுக்கு நடுவே வாமன்தாதாவின் மெட்டுகள் இன்றும் காதில் விழும்.