பட்டியல் மட்டும் வீட்டைக் காக்காது

தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. அவற்றைக் காக்க நம்மிடம் உள்ள முக்கியக் கருவி பாரம்பரியக் கட்டடப் பட்டியல். விளம்பரப் பலகை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் அளித்த தீர்ப்பில், நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியல் இடம்பெற்றது. 2010-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது.

இதன் நன்மை பெரிது. பட்டியலில் உள்ள கட்டடத்தை நினைத்தவுடன் இடிக்க முடியாது. பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆனால் பட்டியல் பெரிதும் பொதுக் கட்டடங்களுக்கும் மாளிகைகளுக்கும் உரியது. ரேழியும் முற்றமும் கூடமுமாக நீளும் சாதாரண வீடுகள் அதில் அரிது.

'இடிக்காதே' என்று சொல்லும் பட்டியல், எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்வதில்லை. நான்கு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டிய வீட்டில், பில்டர் ஆளுக்கொரு ஃபிளாட் தருவதாகச் சொல்லும்போது உரிமையாளரைக் குறைசொல்வது நியாயமல்ல. பழுதுபார்ப்பதும் எளிதல்ல. தேக்கு உத்தரங்கள்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையை ஒழுங்காகச் சரிசெய்யும் கொத்தனார் கிடைப்பது கடினம். கிடைத்தவர் சிமென்ட் பூசிவிட்டால் சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கி, காரை பொரிந்து உதிரும்.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் வேறு வழி காட்டியது: இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மறுபடி கட்டியது. தச்சு வேலை பிழைத்தது. தெருவும் குடித்தனமும் உடன் வரவில்லை. அதனால் அது கடைசிப் புகலிடமாகலாம், கொள்கையாகாது. புதுச்சேரி வைசியாள் வீதியில் அரசும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து தெரு முகப்புகளைப் புதுப்பித்தனர். 2008-ல் யுனெஸ்கோ விருது வந்தது. முகப்போடு நின்றது அதன் குறை என்றாலும், மக்கள் வாழும் தெருவே அங்கு காப்பாற்றப்பட்டது. மும்பையோ 1995 விதிகளிலேயே, பாரம்பரியக் கட்டட உரிமையாளர் கட்ட முடியாமல் போகும் பரப்பளவை வேறிடத்துக்கு விற்க வழி செய்தது.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு, 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இனி ஆணையம் தெருத்தெருவாகத் திண்ணை வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். சொத்துவரிச் சலுகை, பழுதுபார்க்கும் மானியம், பரப்பளவை விற்கும் உரிமை மூன்றையும் உரிமையாளருக்குத் தர வேண்டும். ஊருக்காக ஒரு குடும்பம் வீட்டை வைத்திருந்தால், அதன் செலவில் ஊரும் பங்கேற்பதே நியாயம்.