தேசவழமையும் வரலாற்று நோக்கும்: அடம்பனிலிருந்து சில சிந்தனைகள்

தேசவழமை 1707இல் எழுத்துருப் பெற்றது. யாழ்ப்பாணப்பட்டினத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்த மொழியில் தொகுத்த அந்நூல், தமிழாக்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் உடன்பாட்டைப் பெற்றது; 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். இவை சட்ட மாணவர் அறிந்தவையே. எனினும் நூலின் தொடக்கத்தில் அவர்கள் விரைந்து கடந்துவிடும் பகுதியொன்று உண்டு.

முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் செல்ல, தேடியதேட்டம் இருபாலார்க்கும் பொதுவாதலே பண்டை முறை என்று அப்பகுதி கூறுகின்றது. ஆட்சிகள் மாறியமையால், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், அம்முறை படிப்படியாகத் திரிந்தமையையும் அது ஒப்புக்கொள்கின்றது. அதற்குச் சான்று முதிய முதலியார்களின் வாய்மொழியாகும். வழமை மாறும் என்பதைச் சட்டநூலே தன் முதற்பக்கத்தில் எழுதிவைத்துள்ளது. ஆனால் பிற்கால வழக்குரைஞர் கையில் அந்நூல், மாற்றத்தின் ஒரு கணத்தைப் பதிந்த ஆவணமாகவன்றி, என்றுமுள்ள வழமையின் பட்டியலாகவே பெரும்பாலும் பயின்று வந்துள்ளது.

அடம்பனிலிருந்து நோக்குவார்க்குப் ‘போர்த்துக்கேயர் காலம்’ என்னும் தொடரே ஐயத்துக்குரியது. மன்னார்த் தீவு 1560இல் அவர்கள் வசமாயிற்று. யாழ்ப்பாண அரசோ 1619இலேயே வீழ்ந்தது. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய பெருநிலத்து வயலூர்கள் இவ்விரண்டனுள் எதன் காலக்கணக்கைச் சார்ந்தவை? முதலியார்கள் எந்த நிலத்தின் முதுமையைப் பேசினர்? வரலாற்று மாணவனுக்கு இயல்பான இவ்வினாக்கள் நீதிமன்றத்தில் எழுதல் அரிது.

இஃது ஏட்டளவான பிணக்கன்று. 1806ஆம் ஆண்டுப் பிரமாணம் யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார் வாசிகளை’ (தமிழரை அக்காலத்தார் அழைத்தவாறு) சுட்டிற்று. வாசியெனப்படுதற்கு நிலையான இருப்பிடம் வேண்டும். 2008இல் போர் அடம்பனைக் கடந்தபோது மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அதற்கு முன்னரே மன்னார்க் கரையிலிருந்து பலர் படகேறித் தமிழகம் அடைந்திருந்தனர். முகாமிற் பிறந்து வளர்ந்து மீண்டவர் எவ்விடத்து வாசி? 1911ஆம் ஆண்டு விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்றல் இயலாது. கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம். ஊர்விட்டுப் போய்த் தகவலற்றுப்போனவனை எண்ணி வரையப்பட்ட வாசகம் அது. போரிற் காணாமற்போனவனின் மனைவியும் இன்று அதே வாசகத்தின் கீழ்த்தான் மனுவோடு நிற்கின்றாள்.