சின்னச் சீட்டுகளின் பலம்

பெரம்பலூர்–அரியலூர் பேருந்தில் கிளாஷ் ராயல் ஆடும் பிள்ளைகளில் காசு போட்டுச் சீட்டு வாங்குபவர்கள் குறைவு. 2016இல் ஃபின்லாந்தின் சூப்பர்செல் வெளியிட்ட அந்த விளையாட்டில், செலவில்லாமல் கட்டக்கூடிய அழகான டெக் (சீட்டுத் தொகுப்பு) '2.6 ஹாக் சைக்கிள்'.

எட்டுச் சீட்டு: ஹாக் ரைடர், மஸ்கட்டியர், ஃபயர்பால், கேனன், ஐஸ் கோலம், ஐஸ் ஸ்பிரிட், ஸ்கெலிட்டன்ஸ், லாக். இதில் லாக் மட்டுமே லெஜண்டரி என்னும் அரிய வகை. அது கிடைக்காதவர்கள் அதே 2 எலிக்சரில் (சீட்டைப் போடச் செலவாகும் சக்தி) ஸாப் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஏழும் எளிதில் கிடைக்கும் காமன், ரேர் வகை. அடிக்கடி கிடைப்பதால் சீக்கிரம் லெவல் ஏறும்.

இதன் நுட்பம் சுழற்சியில் இருக்கிறது. போட்ட சீட்டு மீண்டும் கைக்கு வர வேறு நான்கைப் போட வேண்டும். இங்கே மலிவான நான்கின் விலை 6 எலிக்சர்தான். 2.8 நொடிக்கு ஒன்று ஊறுவதால், சுமார் 17 நொடியில் ஹாக் ரைடர் திரும்பிவிடும். எதிராளியின் டெக் விலை கூடியதாக இருந்தால், ஹாக் ரைடரைத் தடுக்க அவர் போட்ட கேனன் அதற்குள் பெரும்பாலும் அவர் கைக்கு வந்திருக்காது.

தற்காப்பு இன்னும் ரசமானது. எதிராளியின் 7 எலிக்சர் வீரர் பெக்கா நம் கோபுரத்தை நோக்கி வரும்போது, 1 எலிக்சர் ஸ்கெலிட்டன்ஸை நடுவில் இறக்கினால் பெக்கா திசைமாறும். நம் இரு கோபுரங்களும் அதைச் சுடும். விலையை விட இடமும் நேரமும் பெரிது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆட்டம் வேறில்லை.

புதிதாக ஆடும் தம்பி, தங்கைகளுக்கு என் யோசனை: பளபளக்கும் சீட்டுகளில் லெவல் ஏற்றும் தங்கத்தைச் சிதறவிடாதீர்கள், இந்த எட்டிலேயே போடுங்கள்.