வீரம்மாவின் கேலி

புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பறையர் பெண் வீரம்மா வயற்கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரி. பெற்ற 12 பிள்ளைகளில் தங்கியது 3. அவர் தமிழில் சொன்ன வாழ்க்கையை ஜோசியான் ரசீன் 10 ஆண்டுகள் பதிவுசெய்தார். நூல் 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. நான் படித்தது ஆங்கிலத்தில். அவரது தமிழை ஊகித்துக்கொண்டேன். போராளியைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார். மகன் உரிமை பேசுகிறான்; தாயோ ஆண்டைகளை விட்டுக்கொடுப்பதில்லை. கேலியெல்லாம் அவர்கள் காதுபடாத இடத்தில்தான். இதை மழுப்பாமல் விட்டது ரசீனின் நேர்மை.

“அவ ஏன் எதிர்த்துக் கதைக்கேல்லை?” என்றாள் மகள். பலெர்மோவில் லிபெர்த்தா வீதி வீடுகளைத் துடைத்து என்னைப் படிக்கவைத்த அம்மா குசினிக்குள் நின்றார். வேலை முடிந்து வந்து, சிஞ்ஞோராவின் நடையை அவர் நடித்துக்காட்ட நாங்கள் விழுந்து சிரித்த இரவுகள் எத்தனை!