டெட் ஸ்டாக்

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ரிப்பேர். 2017 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் பகுதியில் ஒரு வரியை எடுத்துவிட்டு இரண்டு வரி சேர்த்தார்கள். மொத்தமே அவ்வளவுதான். 'பி.காம். படித்த ஆசாமிக்கு அங்கே என்ன வேலை?' என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இது கடைசியில் கணக்குப்பிள்ளை விவகாரம்தான்.

கர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் நிர்வாகி. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது மெமரியில் ஓர் இடம் ஒதுக்கும். வேலை முடிந்ததும் இடத்தைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும். பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் லாட்ஜ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ரிஜிஸ்டரில் 2. ஒருத்தர் கிளம்பினால் 1. பூஜ்யமானால்தான் அறை காலி.

இனி கதாநாயகன், அல்லது வில்லன். பெயர் டி.சி.சி.பி. இன்டர்நெட்டில் வீடியோ, போன் பேச்சு மாதிரி சமாசாரங்களை அனுப்ப உருவான நெறிமுறை. நாலு பாக்கெட் தொலைந்தால் பரவாயில்லை, ஆனால் நெரிசலைப் பார்த்து நிதானமாகப் போக வேண்டும் என்பது அதன் கொள்கை. 2005 அக்டோபரில் 2.6.14 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்தது. நல்ல யோசனைதான். உலகம்தான் கண்டுகொள்ளவில்லை.

அதற்குள் ஒரு பிழை. இணைப்பு கேட்டு ஒரு பாக்கெட் வந்தால், கர்னல் அதைப் பார்த்துவிட்டுக் குப்பைக்கு அனுப்பிவிடும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் புரோகிராம், ஐ.பி.வி6-இல் உள்ள ஒரு வசதியைப் போட்டு வைத்திருந்தால் அந்தப் பாக்கெட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பத்திரப்படுத்தினார்கள். ரிஜிஸ்டரில் ஒன்றைக் கூட்டியும் எழுதினார்கள். ஆனால் அந்த வேலையின் கடைசி வரி, ரிஜிஸ்டரைப் பார்க்காமலே அறையைக் காலி செய்துவிட்டது! உள்ளே ஆள் இருக்கும்போதே சாவி வேறொருவர் கைக்குப் போகலாம். அப்புறம் பழைய ஆள் கிளம்பும்போது அதே அறையை இரண்டாம் முறை காலி செய்வார்கள். இதற்கு டபுள் ஃப்ரீ என்று பெயர். நடுவில் அந்த இடத்தில் தன் சரக்கைச் சாமர்த்தியமாக வைத்துவிட்டால், சாதாரண லாகின் மட்டும் உள்ள ஆசாமி அந்தக் கம்ப்யூட்டருக்கே ராஜா ஆகிவிடலாம்.

கண்டுபிடித்தவர் ஆந்த்ரே கொனோவலோவ். துணைக்கு சிஸ்காலர் என்ற கூகுள் கருவி. அது கர்னலிடம் தத்துப்பித்தென்று எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கே சறுக்குகிறது என்று பார்க்கும். ஆயிரம் கண் பார்த்தால் பிழை தங்காது என்பது திறந்த மூலக்காரர்களின் நம்பிக்கை. பதினொரு வருஷத்துக்கு மேலாக அந்த ஆயிரம் கண்ணும் எங்கே பார்த்துக்கொண்டிருந்ததாம்?

பார்த்தன என்பதுதான் வேடிக்கை. டி.சி.சி.பி.யின் இந்தப் பகுதி, நாம் தினமும் உபயோகிக்கும் டி.சி.பி.யின் சாயலில் எழுதப்பட்டது. டி.சி.பி.யிலும் இதே பிழை இருந்தது! சின்னதாக ஒரு சோதனைப் புரோகிராம் எழுதியவரின் மெஷின் கவிழ, 2007-லேயே அதைச் சரி செய்துவிட்டார்கள். அதே வசதி, அதே கடைசி வரி. ஆனால் இதன் நகல் ஒன்று அடுத்த அறையில் இருக்கிறதே என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. டி.சி.சி.பி.யை யாராவது உபயோகித்திருந்தால் அவர் மெஷினும் கவிழ்ந்திருக்கும், ஒரு புகாராவது வந்திருக்கும். உபயோகிக்க ஆளில்லை; அதனால் பிழை சௌக்கியமாக இருந்தது.

2017 ரிப்பேரில் எனக்கு மிகவும் பிடித்தது கோடு அல்ல, அதோடு சேர்த்து எழுதிய குறிப்பு. டி.சி.பி.யில் முன்பே செய்த திருத்தங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். 'இது புதுசு இல்லை, முன்னாடியே தெரிந்த வியாதிதான்' என்று ஒளிக்காமல் எழுதியது நேர்மை. ஆனால் அதே குறிப்புதான் முந்தைய பத்து வருஷத்துக்கு எதிரான சாட்சியும்.

காமர்ஸில் டெட் ஸ்டாக் என்போம். விற்காத சரக்கு. கோடவுனில் சும்மாதானே கிடக்கிறது என்று நினைப்போம். வாடகை, எலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. டி.சி.சி.பி. அப்படித்தான் கிடந்தது. பல லினக்ஸ் விநியோகங்களில், சாதாரண யூஸர் கேட்டாலே அது தானாக எழுந்து வந்துவிடும். வியாபாரம் இல்லாத கடை, ஆனால் ஷட்டரை யார் வேண்டுமானாலும் தூக்கலாம்!

2021-இல் அதை அநாதை என்று அறிவித்தார்கள். கடைசிப் பொறுப்பாளர் ஐந்து வருஷமாகவே செயல்படவில்லை என்று அப்போது எழுதி வைத்தார்கள். கழித்துப் பாருங்கள், 2016. அதாவது, ரிப்பேர் நடந்தபோதே கோடவுனுக்கு வாட்ச்மேன் கிடையாது! அன்றைக்கே ரைட் ஆஃப் செய்திருக்க வேண்டாமோ? சரக்கை ஏற்றும்போது இருக்கிற உற்சாகம் இறக்கும்போது யாருக்கும் இருப்பதில்லை. 'யாராவது எங்காவது உபயோகித்துக்கொண்டிருந்தால்?' என்ற தயக்கம் வேறு. தயக்கம் நியாயம்தான், எட்டு வருஷம் கொஞ்சம் ஓவர்.

2023-இல் எச்சரிக்கை வைத்து, 2025-இல் அகற்றினார்கள். அந்த வருடம் ஜூலையில் வந்த 6.16 பதிப்பில் டி.சி.சி.பி. இல்லை. அது போனால் டி.சி.பி.யை ஒழுங்குபடுத்தி வேகமாக்கலாம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

விமர்சனம் என்றால் மார்க் போட வேண்டுமே! 2007 ரிப்பேருக்கு நூற்றுக்கு 40. 2017-க்கு 65, அதில் பத்து அந்தக் குறிப்புக்காக. 2025-இல் மொத்தமாகத் துடைத்து எடுத்ததற்கு 80. லேட் ஃபீ பிடித்ததுபோக.