மின்கிற்றாரின் தலைப்பலகை: வடிவ மாற்றமும் அதன் காரணிகளும்

இசைக்கருவிகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் அவற்றின் நாதத்தைப் பற்றியோ அவற்றை வாசித்துப் புகழீட்டிய கலைஞரைப் பற்றியோ பேசுகின்றன. ஒரு கருவியின் வடிவம் எவ்வாறு தோன்றியது, யாருடைய தேவைக்காக மாறியது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இலக்கியத்தில் உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்குமுள்ள உறவைப் பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், அதே கண்கொண்டு கைக்கெட்டும் பொருளொன்றின் உருவத்தையும் நோக்குதல் தகும். அந்நோக்குக்கு மின்கிற்றாரின் தலைப்பலகை மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

கிற்றாரின் கழுத்து நுனியில், தந்திகளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் முறுக்காணிகள் பொருத்தப்பட்ட பகுதியே தலைப்பலகை. வீணையிற் பிரடைகள் செய்யும் பணியையே இம்முறுக்காணிகள் செய்கின்றன. பணி இத்துணை எளியதாயினும், கடந்த எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதியின் வடிவம் இடையறாது மாறி வந்துள்ளது. இம்மாற்றங்களுக்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. தொழில்நுட்பம் படிப்படியாகச் சீர்திருந்தியதன் விளைவே இவை என்பது ஒன்று. வெறும் நாகரிக மோகமே என்பது மற்றொன்று. முதலாவது விளக்கம் 1950களின் தொடக்கத்துக்குப் பொருந்துகின்றது, அதன்பின் தடுமாறுகின்றது. இரண்டாவது எதனையும் விளக்குவதில்லை. நாகரிகம் ஏன் அவ்வேளையில் அத்திசையிற் சென்றது என்பதே நாம் அறியவேண்டுவது. பட்டறையின் தேவையாற் பிறந்த ஒரு வடிவம் கம்பனியின் கையொப்பமாக மாறியபின், அதன் போக்கைப் பெரும்பாலும் நிர்ணயித்தவை சந்தையும் சட்டமுமே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் பட்டறையை நோக்குவோம். விரற்பலகையின் முடிவில், தந்திகள் தங்கிச் செல்வதற்குப் பள்ளங்கள் வெட்டிய சிறு கட்டையொன்று உண்டு. வாசிப்போர் இதனை 'நட்' என்பர். இப்பள்ளத்தைத் தாண்டிய தந்தி முறுக்காணியை நோக்கி நேராகச் சென்றால் உராய்வு குறைவு. பக்கவாட்டில் வளைந்து சென்றால் தந்தி பள்ளத்திற் சிக்கிச் சுருதி பிறழ ஏதுவாகும். பக்கத்துக்கு மூன்றாக முறுக்காணிகளை அமைக்கும் பழைய முறையிற் பெரும்பாலும் நடுத்தந்திகள் வெளிப்புறமாக வளைய நேரிடும். ஆறு முறுக்காணிகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைத்தால் தந்திகள் யாவும் நேராகச் செல்லும்.

இத்தீர்வு மின்கிற்றார் யுகத்தின் கண்டுபிடிப்பன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னாவைச் சேர்ந்த யோகான் கியோர்க் ஸ்ரௌபர் இத்தகைய தலையுடைய கிற்றார்களைச் செய்தார். 1833இல் அமெரிக்காவிற் குடியேறிய கிறிஸ்ரியன் பிரெடறிக் மார்ட்டினின் ஆரம்பகாலக் கிற்றார்களிலும் அவ்வடிவைக் காணலாம். பின்னர் அது வழக்கொழிந்தது. 1948இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த போல் பிக்ஸ்பி, இசைக்கலைஞர் மேர்ல் ட்ரவிசுக்குச் செய்துகொடுத்த மின்கிற்றாரில் ஒருபக்க முறுக்காணி வரிசை மீண்டும் தோன்றியது. 1950இலிருந்து லியோ பெண்டர் விற்பனைக்கு விட்ட கிற்றார்கள் அதனை உலகறியச் செய்தன. பிக்ஸ்பியின் தலைக்கும் பெண்டரின் தலைக்குமுள்ள ஒற்றுமை இன்றுவரை விவாதிக்கப்படுகின்றது. பெண்டரோ, குரோவாசிய நாட்டார் தந்திவாத்தியங்களே தமக்கு முன்மாதிரி எனப் பிற்காலத்திற் கூறினார். எவர் கூற்று மெய்யாயினும், அவ்வடிவம் தனியொருவரின் உடைமையன்று என்பது தெளிவு. இவ்வுண்மை பின்னர் நமக்குத் தேவைப்படும்.

பெண்டர் கிற்றார் வாசிக்கத் தெரிந்தவரல்லர். கணக்கியல் பயின்று, புலேர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்தியவர். அவருடைய சாதனை அழகியற் சாதனை என்பதினும் உற்பத்திமுறைச் சாதனை என்பதே பொருந்தும். கிப்சன் கம்பனியார் தமது கிற்றார்களின் தலையைப் பின்புறமாகச் சாய்த்து அமைத்தனர். தந்தி நட்டின் மேல் அழுந்தி நிற்க இச்சாய்வு உதவும். ஆனால் சாய்ந்த தலையை ஒரே மரத்திற் கடைந்தெடுக்கத் தடித்த மரம் வேண்டும்; கழிவும் மிகுதி. பெண்டர், தட்டையான மேப்பிள் பலகையொன்றிற் கழுத்தையும் தலையையும் ஒருசேர வெட்டியெடுத்துத் தலையைச் சிறிது தாழ்த்தி மட்டும் விட்டார். சாய்வின்மையால் மெல்லிய தந்திகளுக்கு ஏற்படும் அழுத்தக் குறைவைச் சிறிய உலோகக் கொளுவியொன்றினால் ஈடுசெய்தார். கழுத்தை உடலுடன் ஒட்டாது திருகாணிகளாற் பூட்டினார். 1954இல் வெளிவந்த ஸ்ராற்றோகாஸ்ரரின் வளைந்த சிறுதலை இவ்வாறான சிக்கனத்தின் பிள்ளையே. இக்கட்டம்வரை வடிவம் தேவைக்குப் பணிந்தது என நாம் ஐயமின்றிக் கூறலாம்.

நிலைமை மாறுவதை 1965 தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வாண்டு ஜனவரியில், ஒலிபரப்புத் துறையிற் பெருநிறுவனமாக விளங்கிய சீ.பி.எஸ்., பெண்டர் கம்பனியை 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஸ்ராற்றோகாஸ்ரரின் தலைப்பலகை பெருத்தது. முறுக்காணிகளின் வரிசையோ தந்திகளின் பாதையோ மாறவில்லை. மரத்தின் பரப்பே கூடியது. கூடிய பரப்பில் கம்பனியின் பெயர் பெரிய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டது. மேடையிலும் தொலைக்காட்சியிலும் பெயர் தெரியவேண்டுமென்ற நோக்கமே இதற்குக் காரணமெனப் பலரும் கூறுவர். 1958இல் வந்த ஜாஸ்மாஸ்ரர் மாதிரியிற் பெருந்தலை ஏற்கெனவே இருந்தமையால், அதனை முழுவதும் சீ.பி.எஸ்.ஸின் படைப்பெனல் நேர்மையன்று. எனினும், சுருதிக்கோ உற்பத்திச் சிக்கனத்துக்கோ உதவாத ஒரு மாற்றம் மிக அதிகமாக விற்பனையாகும் மாதிரிகளுள் ஒன்றின்மேற் சுமத்தப்பட்டமை கவனத்துக்குரியது. கருவியின் உறுப்பு விளம்பரப் பலகையாகிய தருணம் இதுவே.

கிப்சன் கம்பனியின் வரலாறு இதனை எதிர்ப்புறத்திலிருந்து உறுதிசெய்கின்றது. 1952இல் வெளிவந்த லெஸ் போல் கிற்றாரின் தலை ஏறத்தாழ 17 பாகை பின்சாய்ந்தது. மகோகனி மரத்தின் நார்கள் அவ்விடத்திற் குறுக்கே வெட்டுண்கின்றன. கழுத்தினுள் ஓடும் உருக்குக் கம்பியைத் திருத்துவதற்கான குழியும் அங்கேயே அமைகின்றது. எனவே கிற்றார் கீழே விழுந்தால் தலை முறிவது வழக்கமாயிற்று. 1960களின் நடுப்பகுதியிற் கம்பனியார் சாய்வை 14 பாகையாகக் குறைத்தனர். 1970ஐ அண்டித் தலையும் கழுத்தும் சேருமிடத்தில் மரத்தைத் திரட்டி வலுவூட்டினர். மூன்று துண்டு மேப்பிளைச் சேர்த்தும் கழுத்துச் செய்தனர். பொறியியல் நோக்கில் இவை யாவும் முன்னேற்றங்களே. ஆனால் நடந்தது யாது? 1950களின் கிற்றார்களைப் பொற்காலத்துப் பொருள்களெனப் போற்றிய வாங்குவோர் திருத்தங்களைத் தரக்குறைவின் அடையாளங்களாகக் கண்டனர். 1980களிற் கம்பனி பழைய மாதிரிக்குத் திரும்பத் தொடங்கியது. திரட்சி நீங்கியது, 17 பாகையும் மீண்டது. முறிவது தெரிந்திருந்தும் முறியும் வடிவமே விற்கப்படுகின்றது. தொழில்நுட்ப வளர்ச்சியால் எல்லாவற்றையும் விளக்க முயல்வோர் இவ்விடத்தில் விடைகூறக் கடமைப்பட்டவர்களாவர்.

அடுத்துச் சட்டத்தின் பங்கை நோக்குவோம். 1970களில் யப்பானியக் கம்பனிகள் அமெரிக்கக் கிற்றார்களை ஒத்தவற்றைக் குறைந்த விலையில் விற்கலாயின. 1977இல், கிப்சனின் அன்றைய உரிமையாளரான நோர்லின் நிறுவனம், இபானெஸ் கிற்றார்களை அமெரிக்காவில் விநியோகித்த கம்பனிக்கு எதிராகப் பிலடெல்பியாவில் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு உடலைப் பற்றியதன்று, நாதத்தைப் பற்றியதுமன்று, தலைப்பலகையின் வடிவத்தைப் பற்றியதே. வழக்குத் தொடரப்படும் முன்னரே இபானெஸ் தன் தலைவடிவை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. 2009இல் இன்னொரு முக்கிய தீர்ப்பு வந்தது. ஸ்ராற்றோகாஸ்ரர் முதலியவற்றின் உடல்வடிவங்களைத் தன் வியாபாரக் குறியாகப் பதிய முயன்ற பெண்டரின் கோரிக்கையை அமெரிக்க வியாபாரக் குறி மேன்முறையீட்டுச் சபை நிராகரித்தது. பலரும் நெடுங்காலமாகச் செய்துவருவதால் அவ்வடிவங்கள் பொதுவானவை என்பது அதன் முடிபு. தலைப்பலகையோ ஏற்கெனவே பதிவுபெற்ற குறியாக நிலைத்தது.

இதன் விளைவு வியப்புக்குரியது. ஒரே கிற்றாரில் உடல் பொதுச்சொத்து, தலை தனிச்சொத்து. ஸ்ராற்றோகாஸ்ரரின் உடலை எவரும் செய்யலாம். உரிமம் பெறாதோர் தலையை மட்டும் வேறாக வெட்டவேண்டும். கடைகளில் நாம் காணும் எண்ணற்ற தலைவடிவங்களுட் பல புதுமை வேட்கையால் எழுந்தவையல்ல. பிறர் குறியை ஒத்திருத்தலாகாது என்னும் அச்சத்தால் எழுந்தவை. வியன்னாவிலிருந்து கலிபோர்னியாவரை பல கைகள் வழியே கடந்துவந்த ஒரு வடிவமரபு, கடைசியிற் பெற்றவரின் பெயரிற் பதியப்பட்டது. வியாபாரக் குறி இன்றேல் வாங்குவோர் ஏமாற்றப்படுவர் என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அதற்குத் தலையிற் பொறித்த பெயரே போதாதா என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

தலைப்பலகையின் பணியே அற்றுப்போகும் நிலையும் ஒரு கட்டத்தில் உருவாயிற்று. 1970களின் இறுதியிற் புளொய்ட் றோஸ் அமைத்த பொறி, தந்திகளை நட்டிலேயே இறுகப் பூட்டியது. அதன்பின் நட்டுக்கு அப்பாலுள்ள தந்தியின் நேர்மையோ வளைவோ சுருதியைப் பெரிதும் பாதிப்பதில்லை. பணியினின்று விடுபட்ட தலை அலங்காரத்துக்கு உரியதாயிற்று. 1980களில் ஜக்சன் முதலிய கம்பனிகள் செய்த கூர்முனைத் தலைகள் இச்சூழலிலேயே பெருகின. அவையும் முற்றிலும் புதியனவல்ல. 1958இல் கிப்சன் வெளியிட்ட எக்ஸ்புளோறரின் தலையை நினைவூட்டுவன. அதே காலப்பகுதியில் நெட் ஸ்ரைன்பேர்கர் மறுதிசையிற் சென்றார்: முறுக்காணிகளை உடலின் கடைக்கோடிக்கு மாற்றித் தலையை அடியோடு நீக்கினார். எடைச் சமநிலையிலும் சுருதி நிலைப்பிலும் அக்கருவி சிறந்ததென வாசித்தோர் பலர் ஏற்றனர். எனினும் தலையற்ற கிற்றார் பொதுவழக்காகவில்லை. 2010க்குப் பின் சுவீடனின் ஸ்ரான்ட்பேர்க் போன்ற கம்பனிகளால் அது புத்துயிர் பெற்றுள்ளபோதும், இன்றும் பெரும்பான்மை தலையுடையனவே. வீணையின் யாளிமுகம் நாதத்துக்கு இன்றியமையாததன்று. ஆயினும் அதனை நீக்கிய வீணையை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. கண்ணும் மரபும் கேட்பதைச் செவி மட்டும் தீர்மானிப்பதில்லை.

இவ்வாறு கூறுவதால் வாசிப்போருக்கு எப்பங்குமில்லை என்பது பொருளன்று. இடக்கையரான ஜிமி ஹென்றிக்ஸ், வலக்கையருக்கான ஸ்ராற்றோகாஸ்ரரைத் தலைகீழாகப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவில் அவர் கையிலிருந்தது சீ.பி.எஸ். காலத்துப் பெருந்தலைக் கிற்றாரே. விளம்பரத்துக்காகப் பெருத்த தலை அவர் கையில் வேறொரு பொருள் பெற்றது. பெருந்தலையை விரும்பித் தேடுவோரும் தோன்றினர். 1997இல் பெண்டர் கம்பனி, வலக்கையருக்கும் அத்தலைகீழ்த் தோற்றம் கிடைக்குமாறு கிற்றார் செய்து விற்றது. ஒருவர் தமக்கேற்ற கருவி கிடையாமையால் மேற்கொண்ட உபாயம், மற்றவர்க்கு விலைப்பொருளாயிற்று. வாசிப்போன் வடிவத்துக்குப் புதுப்பொருள் தருகின்றான். சந்தை அப்பொருளையும் தன்வசமாக்குகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, தலைப்பலகையின் வரலாற்றிற் தந்தி, மரம், உழைப்புச் சிக்கனம் என்பன முதற்கட்டத்தை நிர்ணயித்தன. உரிமையாளரின் பெயர், நீதிமன்றம், பழமையின்மேற் கொண்ட பற்று என்பன பிற்கட்டங்களை நிர்ணயித்தன. உருவம் உள்ளடக்கத்திலிருந்து பிறக்கின்றது என்னும் கூற்று பிறப்பைப் பற்றிய அளவில் மெய்யாகலாம். பிறந்த உருவம் எவருடைய உடைமையாகின்றது என்பதையும் திறனாய்வாளன் வினவவேண்டும். ஓர் உருவம் நெடுங்காலம் நிலைத்திருப்பது அதன் சிறப்புக்குச் சான்றாகாது. அது மாறிவிட்டமை வளர்ச்சிக்குச் சான்றாகாது. முறியும் தலை மீண்டும் வந்ததையும், முறியாத தலை ஒதுக்கப்பட்டதையும் கண்டபின், கவிதைக்கோ நாடகத்துக்கோ உருவ விதி வகுக்க முற்படுவோர் சற்றே நிதானிப்பது நன்று.