எஞ்சியதும் விளைந்ததும்

எண்ணெய்க்காக ஆண்டுதோறும் அயல்நாடுகளுக்குப் பெருஞ்செல்வத்தைக் கொடுத்துவரும் ஒரு தேசம், தன் வயல்களிலும் தொழுவங்களிலும் ஆலைகளிலும் மிஞ்சிக் கிடப்பவற்றிலிருந்தே எரிபொருள் ஆக்கிக்கொள்ள முயல்வது போற்றத்தக்கது என்பதில் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. ஆயினும், நோக்கம் உயர்ந்தது என்பதனாலேயே அதற்கென வகுத்த வழிகள் யாவும் உயர்ந்தவை ஆகிவிடமாட்டா. இந்தியாவில் சாண எரிவாயு, எத்தனால், காட்டாமணக்கு என்னும் மூன்றும் கண்ட அனுபவத்தை அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு, இம்முறையின் குணம் எங்கே முடிந்து தோஷம் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும்.

சாண எரிவாயுவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜஷ்பாய் படேல் 1950-களில் உருவாக்க, கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அடுத்த பத்தாண்டில் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற கலனில், சாணமும் நீரும் கரைத்து ஊற்றப்பட, காற்றுப் புகாத இருளில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, பாதிக்கு மேல் மீத்தேன் கொண்ட வாயுவைத் தருகின்றன. வாயு அடுப்புக்குப் போக, வெளிவரும் கரைசல் தன் உரச்சத்தை இழக்காமல் வயலுக்குத் திரும்புகிறது. சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்தால் அடுப்புக்கு வெப்பமும் பெண்களின் கண்ணுக்குப் புகையும் கிடைக்குமேயன்றி, நிலத்துக்கு அந்த உரம் கிடைப்பதில்லை. இம்முறைக்கும் குறைகள் உண்டு. மாடில்லாத ஏழைக்கு இது எட்டாது; வாயுவைத் தேக்கும் இரும்புக் கொப்பரை துருப்பிடித்தாலும் சுவர் வெடித்தாலும் சீர்செய்வார் இன்றிக் கைவிடப்பட்ட கலன்கள் பல. ஆனால் இவை பராமரிப்பின் குறைகளே. தத்துவத்தின் குறைகள் அல்ல.

எத்தனாலின் கதை வேறு. சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் ஆலையில் எஞ்சும் மொலாசஸ் என்னும் பாகிலிருந்து வடிக்கப்பட்ட எத்தனாலைப் பெட்ரோலில் நூற்றுக்கு ஐந்து பங்கு கலப்பது 2003-இல் சில மாநிலங்களில் தொடங்கியபோது, மிச்சத்தைப் பயன்படுத்துவது என்னும் நியாயம் அதற்கு முழுமையாக இருந்தது. பின்னர் விகிதம் உயர்த்தப்பட்டது. 2018-ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை கரும்புச் சாற்றையும் தானியங்களையும் மூலப்பொருளாக அனுமதித்தது. இருபது விழுக்காடு என்ற இலக்கு 2030-இலிருந்து 2025-26-க்கு முன்தள்ளப்பட்டது. அதனால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது: மிகுதியான சர்க்கரையால் விலை வீழ்ந்து, ஆலைகளிடமிருந்து கரும்புக்கான பணம் வராமல் காத்திருந்த விவசாயிகளுக்கு அந்நிலுவை குறைய எத்தனால் துணைசெய்தது, எண்ணெய் இறக்குமதியின் தேவையும் ஓரளவு தணிந்தது.

எனினும், மிச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு; இலக்குக்கோ அவ்வெல்லை இல்லை. பாகு போதாதபோது சாறும், சாறு போதாதபோது அரிசியும் மக்காச்சோளமும் வடிசாலைக்குச் சென்றன. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெறச் சுமார் 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று மத்திய அரசின் நீதி ஆயோக் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே கணக்கிடுகிறது. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும் பிரதேசங்களில் இது சிறிய விலை அன்று. மழை பொய்த்த 2023-இன் டிசம்பரில், சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வருமென அஞ்சி, சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதை அரசே கட்டுப்படுத்த நேர்ந்தது. மக்காச்சோளத்தை வடிசாலைகள் பெருமளவில் வாங்கத் தொடங்கியபின், அதையே பிரதான தீவனமாக நம்பியிருக்கும் நாமக்கல் கோழிப்பண்ணைகள் விலையேற்றத்தைச் சுமக்க வேண்டியதாயிற்று. உண்பவனுக்கும் ஓட்டுபவனுக்கும் இடையே ஒரே விளைச்சலுக்காகப் போட்டி எழுந்தால், வாங்கும் சக்தி குறைந்தவனே தோற்பான் என்பது பிரத்தியட்சம்.

மூன்றாவதான காட்டாமணக்கு, விதையின் எண்ணெயிலிருந்து டீசல் தரும், தரிசு நிலத்தில் வளரும், ஆடுமாடு மேயாது, உணவோடு போட்டியிடாது என்ற நம்பிக்கையோடு கொண்டாடப்பட்டது. கோடி எக்டேருக்கு மேல் அதை நடும் யோசனையும் 2003-இல் திட்டக்குழுவின் முன் வந்தது. செடி தரிசில் உயிர் பிழைத்தது உண்மையே. ஆனால் நீரும் எருவும் இன்றி அது விதையை மிகுதியாகத் தரவில்லை. 2017-க்குள் நூற்றுக்கு இருபது பங்கு தாவர டீசல் என்ற இலக்கில், ஒரு பங்கைக்கூட நாடு எட்டவில்லை. தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் பலவிடங்களில் ஏழைகளின் மேய்ச்சல் நிலமாகவும் விறகுக்காடாகவும் இருந்ததையும் நாம் மறத்தலாகாது.

இவற்றுக்கு மாறாக, அரியானாவின் பானிப்பட்டில் 2022-இல் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் வடிப்பதற்கென அமைக்கப்பட்டது. அறுவடைக்குப்பின் வயலிலேயே கொளுத்தப்பட்டு வட இந்திய வானத்தை மூடும் வைக்கோலுக்கு இது தக்க உபயோகம். சில வாரங்களில் குவியும் வைக்கோலைச் சேகரித்து, கட்டி, ஆண்டு முழுவதும் காத்துவைப்பது கடினம்; அதன் நாரைச் சர்க்கரையாக உடைப்பது அதனினும் கடினம்; செலவும் அதிகம். ஆயினும் முயற்சியையும் மூலதனத்தையும் வேண்டி நிற்கும் இக்கடினங்களைத் தாங்கலாம். ஒருவன் சோற்றை வேண்டி நிற்பவற்றைத் தாங்கலாகாது.

ஆகவே, எத்தனை விழுக்காடு கலப்பது என்பதைப் பெட்ரோல் தொட்டியை நோக்கி நிர்ணயிக்காமல், மாட்டுக்கும் மண்ணுக்கும் உரிய பங்கை ஒதுக்கியபின் நாட்டில் மெய்யாக எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டு நிர்ணயிப்பதே அறிவுடைமை. அந்த அளவு சிறிதாயின் சிறிதாகவே இருக்கட்டும். குறையும் பங்கைப் பேருந்தும் ரயிலும் பெருக்கி, எரிபொருளின் தேவையையே குறைத்து ஈடுசெய்யலாம். கழிவு தீர்ந்த இடத்தில் நின்றுவிடும் துணிவு எந்தக் கொள்கைக்கு இருக்கிறதோ, அதுவே இந்நாட்டின் உழவனுக்கும் உண்பவனுக்கும் ஒருங்கே நன்மை செய்யும்.